ஸ்டெப்னிக்கு அடியில் இருந்த பெயின்ட்

1988, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

மில் முதலாளியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை நாலு நாளாகச் சுரண்டி, கம்பெனியில் முதன்முதலில் அடித்த பெயின்டை இன்று காலையில்தான் கண்டுபிடித்தேன். டிக்கிக்குள், ஸ்டெப்னிக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு. அதே நிறம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார் மனுஷன். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் கலர் அட்டை வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினால், அந்த இடத்தில் வெறும் தகடு மின்னுகிறது. நடுவில் சந்தனப் பொட்டு வேறு.

"பூஜைக்கு மூலைமுடுக்கெல்லாம் தேய்க்கச் சொன்னியளே அண்ணாச்சி. அங்கன எம்புட்டு அழுக்கு!" என்கிறான் டிங்கர் செல்வம்.

எப்படித் திட்டுவது? சொன்னது நான்தானே. நாளை பூஜைக்கு வரும் முதலாளி முதலில் நிறத்தைத்தான் கேட்பார். காலையில் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தது. பச்சைதான். பச்சை என்றே சொல்லிவிடலாம்.

நீலமோ?