ஒற்றைக் காலில் நிற்பவன்

செப்டம்பர் 7, 2010, செவ்வாய்

ரங்கூனில் மழை விடவே இல்லை. ஈரக் காற்றில் தையல் மிஷின் மக்கர் செய்கிறது. வார்டுத் தலைவர் வீட்டு அம்மாவுக்கு நாளை தமேன், பர்மாக்காரிகள் சுற்றுகிற லுங்கி, தைத்துக் கொடுத்தாக வேண்டும்.

அந்தோணியார் கோயிலில் நவநாள் முடிந்ததும், ரோமிலிருந்து வந்திருக்கும் சிஸ்டர் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆன்மேரி, உன் தங்கச்சி மகன் லூக்கா இத்தாலியில பெரிய லீக்ல பந்து ஆடுறானாம், தெரியுமா?"

தெரியாது. எனக்கு என்னதான் தெரியும்? ஜெசிந்தா 1988 கடைசியில் நர்ஸ் படிக்கக் கன்னியர்களோடு இத்தாலி போனாள். பவுலோவைக் கட்டிக்கொண்டாள். பதினொரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு 2001இல் செத்தும் போனாள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு வரி இல்லை. இருந்த படங்களையெல்லாம் நர்கிஸ் புயல் கூரையோடு கொண்டுபோனது. அவள் முகமே எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அதை யாரிடம் சொல்ல?

சிஸ்டருக்கும் இன்னொரு சிஸ்டர் சொன்ன சேதிதான். பதினாலு வயதிலேயே வீட்டை விட்டு அணி விடுதிக்குப் போய்விட்டானாம். போன வருஷம் கீழ் லீக்குக்கு இரவலாக அனுப்பி, இந்த வருஷம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். மஞ்சள் சட்டை. நடுவில் ஆடுகிறான்.

டிவியில் வருமாம்! அப்படியானால் அவன் முகத்தில் அவளைப் பார்த்துவிடலாம் அல்லவா?

செப்டம்பர் 12, ஞாயிறு

கபீர் டீக்கடையில் டிஷ் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, பந்தாட்டம் பார்க்கிற ஆண்பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் என்ன? கபீர் இங்கிலாந்து ஆட்டம்தான் பார்ப்பான். இந்த மஞ்சள் சட்டைகளை அவனுக்கே தெரியாது. எனக்காகச் சேனலை மாற்றினான்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. நடுவில் ஆடுகிறவர்களில் ஒரே ஒரு பிள்ளைதான் நம் நிறம். சுருட்டை முடி, பெரிய கண். "அக்கா, அவன்தான். நம்ம பிள்ள அப்பிடியே தெரியுதே," என்றான் கபீர். முதுகில் ராபேல் என்று இருந்தது. உறுதிபூசுதல் பெயராக இருக்கும். எனக்கும் தெரசம்மாள் என்று வைத்தார்களே.

அழுகையை அடக்கிக்கொண்டேன். ஆனால் ஜெசிந்தாவின் மூக்கு இல்லை. பவுலோ மூக்கோ என்னவோ.

செப்டம்பர் 14, செவ்வாய்

ராபேலுக்காக ஒரு மெழுகுவர்த்தி.

செப்டம்பர் 26, ஞாயிறு

ராபேல் கோல் அடித்தான்! கடையில் எல்லோரும் எழுந்து நின்று, "டோ மேரி, மேரியம்மா, உங்க மகன்!" என்று பர்மிய மொழியில் கத்தினார்கள். தங்கை மகன் என்று திருத்தினேன். பிறகு திருத்தவில்லை.

அவனோடு நடுவில் ஆடுகிற வெள்ளைப் பையன் ஒருவன் இருக்கிறானே, சோளக்கதிர் முடி, முதுகு முழுக்க நீளப் பெயர். ராபேலை எப்போது பார்த்தாலும் கையை நீட்டி அதட்டுகிறான். பந்து தூரமாகப் போய்விட்டால் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் உரசிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறான். ஓடுவதற்குத்தானே சம்பளம்?

அக்டோபர் 3, ஞாயிறு

இன்று அந்தக் கொக்கு ராபேலிடமிருந்து பந்தைப் பிடுங்காத குறை. எனக்கு வந்ததே கோபம். "கால் ஒடிஞ்சு உக்காரட்டும் அவன்," என்றேன், சத்தமாக. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்டோபர் 17, ஞாயிறு

கொக்குக்கு அடி. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். "அக்கா வாய் பலிச்சிருச்சு," என்றான் கபீர். டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ.

அக்டோபர் 19, செவ்வாய்

நவநாள் முடிந்து சிஸ்டர் ரெஜினா ஒரு படத்தை நீட்டினார். ரோமிலிருந்து ஈமெயிலில் வந்ததாம். "உன் லூக்கா. அப்பன் நிறம், முடி மட்டும் சாயம். பாவம், கால்ல அடிபட்டிருக்கானாம்."

சோளக்கதிர் முடி.

ராபேல் பிரேசில்காரனாம்.

என்ன காரியம் பண்ணிட்டேன்? என் வாயில என்ன இருந்துச்சு? நிறத்தப் பாத்து ஊரான் பிள்ளைய மடியில தூக்கி வச்சுக்கிட்டு, ஜெசி பெத்த பிள்ளையவா சபிச்சேன்? ஜெசி, ஜெசி, கேட்டுக்கிட்டு இருந்தியாடி?

அக்டோபர் 20, புதன்

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் அவளுடையது இல்லை. மூக்கும் இல்லை. எதுவுமே இல்லையே என்று படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

பாதித் தையலில் நினைவு வந்தது. தெருக் குழாயடி. குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிற ஜெசிந்தா, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் உரசிக்கொண்டு. அம்மா வீட்டு வாசலிலிருந்து கத்துவாள்: "ஜெசி, காலக் கீழ வைடி. விழுந்து வைக்கப்போற!"

முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வாரா வாரம் என் கண் முன்னால்தான் நின்றிருக்கிறாள். நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 7, ஞாயிறு

தேர்தல். தெருவில் ஆளில்லை. கபீர் கடையைப் பாதி திறந்திருந்தான்.

லூக்கா இல்லாத ஆட்டத்தை எதற்குப் பார்க்கிறேன்? ஓரத்தில் பெஞ்சைக் காட்டுவார்களா என்றுதான். காட்டவில்லை. ராபேலுக்கும் இன்று பந்தே வரவில்லை. "நடுவுல இருந்து எடுத்துக் குடுக்க ஆள் இல்லியே அக்கா. அந்தக் கோலும் உங்க லூக்கா குடுத்ததுதான்," என்றான் கபீர். அதட்டினான் என்று நினைத்தேனே, இடம் காட்டியிருக்கிறான்.

நவம்பர் 16, செவ்வாய்

சிஸ்டர் அவனுக்கு ஈமெயில் அனுப்புகிறாராம். "என்ன எழுதட்டும், சொல்லு," என்றார். எவ்வளவோ இருந்தது. "கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 7, செவ்வாய்

பதில்! சிஸ்டர் படித்துக் காட்டினார். கால் தேறிவிட்டதாம். அம்மாவுக்கு ஓர் அக்கா உண்டு என்று தெரியுமாம், பெயர்தான் தெரியாதாம். அம்மாவின் குரல் மறந்துவிட்டதாம் அவனுக்கு. பாவி, எனக்கு முகம், அவனுக்குக் குரல்.

ரங்கூனுக்கு வர ஆசை என்று எழுதியிருக்கிறான். வருகிறேன் என்று எழுதவில்லை. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தாவும் பன்னிரண்டு வருஷம் ஆசை என்றுதான் எழுதினாள்.

இருந்தாலும் டிவியில் பார்த்த உயரத்தைக் கண்ணால் அளந்து ஒரு லுங்கி மூட்டினேன். பிறகு இன்னொன்று, ராபேலுக்கு. ஒரு மாதமாவது என் பிள்ளையாக இருந்தான் அல்லவா? சிஸ்டர் ஜனவரியில் ரோம் போகும்போது கொண்டுபோவார்.

டிசம்பர் 19, ஞாயிறு

கரண்ட் இல்லை. எனக்காகவே கபீர் ஜெனரேட்டர் போட்டான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் லூக்கா இறங்கினான். சிலுவை போட்டுக்கொண்டு ஓடினான். நானும் போட்டுக்கொண்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பந்து தூரத்தில் இருந்தால்தான் அவன் அப்படி நிற்பான். பந்து தூரத்தில் இருந்தால் கேமரா அவனைக் காட்டாது. பந்தின் பின்னாலேயே ஓடுகிற அந்தக் கேமராக்காரன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

கடைசியில் கோல் பக்கம் யாரோ விழுந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி, மைதானம் முழுவதையும் காட்டினார்கள். நடுவில், சின்னதாக, தன்னந்தனியாக, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

குழாயடி. குடம். அவளேதான்.

"ஜெசி, காலக் கீழ வைடி," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

விசில் ஊதினார்கள். அவன் காலைக் கீழே வைத்து ஓடினான்.