லாரி கொண்டுவந்த மண்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கட்டட ஆய்வுக் குழுவின் கூட்டம். அடிவாரத்துக் கடைக் கட்டடம் மூன்றாம் முறையாக வந்தது. அதை வரைந்த பெண் முகப்பு முழுக்கக் கண்ணாடிதான் என்று பிடிவாதமாக நிற்பதால் நான் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்த முறை அட்டையில் சின்ன மாதிரிக் கட்டடமே செய்து கொண்டுவந்துவிட்டாள். குட்டி மரங்கள், குட்டி மனிதர்கள். தலைவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பொம்மையைக் கண்டு எத்தனை காலமாயிற்றோ.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளந்தீங்க?"

"இப்ப இருக்கிற தரையிலிருந்துதான் மேடம்."

"இப்ப இருக்கிறது லாரி கொண்டுவந்த மண்ணு. போன வருஷம் அங்க பள்ளம். கடவுள் கொடுத்த தரையிலிருந்து அளந்துட்டு வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். திருப்பி அனுப்பிவிட்டோம். சரிவான நிலத்தில் எதைக் கட்டினாலும் இயற்கைத் தரையிலிருந்து இரண்டு மாடி உயரம்தான் என்பது இங்கே விதி. பள்ளத்தை நிரப்பி, நிரப்பிய இடத்திலிருந்து அளந்தால் மூன்றாவது மாடி சும்மா கிடைத்துவிடும். பழைய தந்திரம். என் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷத்திலிருந்து குடியிருப்போர் சார்பில் இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே வரும்போது அவள் கேட்டாள்: "மேடம், எங்க கட்டடத்துல உங்களுக்கு ஏதாவது ஒண்ணாவது பிடிச்சிருக்கா?"

"குட்டி மரங்கள்," என்றேன்.

மார்ச் 6, வியாழன்

முழங்கால். மாடிப்படியில் பாதியில் உட்கார வேண்டியதாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்குக் கீழே சரிவில் கிடக்கும் நிலத்தைப் போன வருஷமே மகள் பேருக்கு எழுதிவிட்டேன். அங்கே வீடு கட்டப் போகிறார்கள். வரைபடம் தயாராகிறது. என் சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

குளியலறையில் நான் விழுந்துகிடந்ததிலிருந்து மகளுக்கு ஒரே பேச்சு, அம்மா தனியாக இருக்கக் கூடாது. இன்று தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"வீட்டுக்கு அனுமதி கிடைச்சா நாங்க இங்க வரோம். கிடைக்கலைன்னா இந்த வீட்டைப் பூட்டிட்டு நீ எங்க ஃபிளாட்டுக்கு வரே. எட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு. வேற பேச்சே இல்லைம்மா."

"நான் என்ன பார்சலா, அங்கயும் இங்கயும் அனுப்ப?"

"பார்சலா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்குமே."

இந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"அத்தை இருக்கற குழுதானே, என்ன கவலை," என்று மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சொந்தக்காரர் விஷயம் வந்தால் உறுப்பினர் எழுந்துபோய் வராந்தாவில் உட்கார வேண்டும், அதுதான் முறை என்றேன்.

"உக்காருங்க அத்தை. அதுவே போதும்."

அவர்கள் போன பிறகு ஜன்னலைத் திறந்து மகளை ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். சும்மாதான். குரல் அந்த இடம் வரை போகுமா என்று.

மார்ச் 20, வியாழன்

கீழே நாள் முழுக்க லாரிகள். வண்டி திரும்புவதற்கு இடத்தைச் சமன் செய்கிறார்களாம். வீடெங்கும் தூசி. துடைத்தேன், மறுபடி படிந்தது, மறுபடி துடைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். மகள் வரப்போகிற தூசி. இருக்கட்டும்.

மார்ச் 29, சனி

கழிகள் நட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் எதைக் கட்டுவதானாலும் விசாரணைக்கு முன்பே மனையின் மூலைகளில் நெட்டைக் கழிகளை நட்டு, கூரை வரப்போகும் உயரத்தில் கயிறு இழுத்து, ஆரஞ்சுக் கொடிகளைத் தொங்கவிட வேண்டும். வரைபடம் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கண் இருக்கிறதே. எத்தனை கட்டடங்களை நான் கொடியைப் பார்த்தே குறைக்கச் சொல்லியிருக்கிறேன்!

இன்று காலை ஜன்னலைத் திறந்தால் கொடி என் முகத்துக்கு நேரே ஆடுகிறது. ஜன்னலுக்குக் கீழே எங்கோ அல்லவா இருக்க வேண்டும்?

கைத்தடியை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனேன். பாறையைக் காணோம்.

சரிவின் நடுவில் தட்டையாக ஒரு பாறை. புதர் மறைப்பதால் வீட்டிலிருந்து தெரியாது. அவர் அதற்குச் சோபா என்று பேர் வைத்திருந்தார். ஆபீஸிலிருந்து வந்ததும் அதில் உட்கார்ந்து மேலதிகாரியைத் திட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அதன் கீழ்ப்பக்கம் ஓர் ஆள் உயரம் இருக்கும். யாரும் அதை உடைக்கவில்லை. மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அப்படியானால் கொட்டிய மண் ஆள் உயரத்துக்கும் மேல்.

கழிகள் அந்த மண்ணில் நிற்கின்றன.

மார்ச் 30, ஞாயிறு

மாப்பிள்ளை வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார்.

"பாறை எங்க மாப்பிள்ளை?"

"எந்தப் பாறை அத்தை?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நிலத்தை அளந்தவர்கள் மண் கொட்டிய பிறகுதான் வந்திருக்கிறார்கள். அவர்கள் போட்ட தரைக்கோடு பாறைக்கு மேலே போகிறது. நான் விவரம் சொன்னதும் அவர் வரைபடத்தின் சுருண்ட மூலையை நீவிவிட்டார். அப்புறம், "எல்லாரும் இப்படித்தான் செய்றாங்கன்னு கான்ட்ராக்டர் சொன்னார். அது மட்டும் இல்ல அத்தை, இந்த மாடியே உங்களுக்குத்தான்," என்று விரலை வைத்துக் காட்டினார். மேல் மாடியில் எனக்கென்று ஓர் அறை. என் சமையலறை வாசலிலிருந்து அந்த அறைக்கு நேராக ஒரு சின்ன நடைபாலம். "ஒரு படி ஏற வேண்டாம், ஒரு படி இறங்க வேண்டாம்."

மண்ணை எடுத்துவிட்டால் அந்த மாடி கிடையாது. பாலமும் கிடையாது.

முழங்கால் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 1, செவ்வாய்

தையற்காரர் மனைவி மேலே ஏறி வந்தாள். சரிவின் அடியில் வரிசையாக இருக்கும் வீடுகளில் முதல் வீடு அவர்களுடையது.

"ஏம்மா, மழை வந்தா அந்த மண்ணு அவ்வளவும் எங்க போகும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "நீங்க குழுவுல இருக்கீங்க. எங்களுக்கு என்ன பயம்? வீட்டுக்காரர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

என் ரவிக்கைகளைத் தைத்து எடுத்துவந்திருந்தாள். தையல் நேராக இருந்தது. பார்க்காமலே உள்ளே வைத்திருக்கலாம். பார்த்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நாளை விசாரணை. மகளோடு போனில் சண்டை.

"மண்ணைப் பத்தி நீ சொன்னா யாரும்மா நஷ்டப்படறது? நீதான். உன் வீடு, உன் ஜன்னல், உன் தோட்டம். யோசிச்சுப் பாரு."

"கீழ இருக்கறவங்க?"

"தடுப்புச் சுவர் கட்டுவோம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தெரியாத மாதிரி இருக்க மாட்டியா? உன்னை அவங்க வெளியிலதானே உக்காரச் சொல்றாங்க. உக்காரு!"

வைத்துவிட்டாள்.

நான் படித்த கான்வென்டில் பரீட்சை நடக்கும்போது சிஸ்டர் வேண்டுமென்றே வகுப்பைவிட்டு வெளியே போவார். "நான்தான் போறேன். நீங்க உள்ளேதான் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருத்தியும் பக்கத்துத் தாளைப் பார்க்க மாட்டாள். நாளை வெளியே போக வேண்டியவள் நான்.

ஏன், போனா என்ன? உக்காந்தா என்ன? எத்தனை வருஷம் ஊருக்காக உக்காந்தாச்சு. எனக்காக ஒரு நாள் உக்காரக் கூடாதா? எனக்கும் வலிக்குது. அந்தப் பாலம் வேணும் எனக்கு. அந்த எட்டாவது மாடிக்கு நான் போக மாட்டேன் — போகவே மாட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எங்கள் மனை எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். பெஞ்சில் கண்ணாடிக்காரி உட்கார்ந்திருந்தாள், வேறு யாருடைய வீட்டு வரைபடத்தோடோ, தன் முறைக்காக.

"மேடம்! உங்களுக்கும் பெஞ்சா?"

நகர்ந்து இடம் கொடுத்தாள். பெப்பர்மின்ட் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வாயில் போட்டுக்கொண்டேன்.

"கொடி பார்த்தேன் மேடம்," என்றாள் மெல்ல. "நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது உங்க குடும்ப விஷயம்."

கிண்டல் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். அவள் கிண்டல் செய்யவில்லை. என்மேல் இரக்கப்பட்டாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தலைவர் "ஆட்சேபணை யாருக்காவது?" என்று கேட்பது காதில் விழுந்தது. தையற்காரர் மனைவி உள்ளேதான் இருக்கிறாள், நானே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பாள்? நான் இருக்கிறேனே.

"ஆட்சேபணை இல்லையென்றால்..."

பெப்பர்மின்டைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு உள்ளே போனேன்.

"மேடம், நீங்க இப்ப உள்ள வரக் கூடாதே," என்றார் தலைவர்.

"உறுப்பினரா வரலை. மேல் வீட்டுக்காரியா வந்திருக்கேன்."

பொதுமக்கள் பேசும் மைக்கின் முன்னால் போய் நின்றேன். எனக்கு அது உயரம். இத்தனை வருஷம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததில் இது தெரிந்ததே இல்லை. எக்கி நின்று சொன்னேன்.

"அந்தக் கொடி நிக்கறது லாரி கொண்டுவந்த மண்ணுல. அதுக்கு அடியில ஆள் உயரத்துக்கு ஒரு பாறை இருக்கு. சந்தேகமா இருந்தா கம்பியை இறக்கிப் பாருங்க. மண்ணை எடுக்கச் சொல்லிட்டு அப்புறம் அளங்க. கீழ குடித்தனம் இருக்கு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் ஷூவை மட்டும் பார்த்தேன். புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தார்.

மண்ணை அகற்றிவிட்டு மறுபடி அளக்க உத்தரவு.

ஏப்ரல் 9, புதன்

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

விடிந்ததிலிருந்து மழை. மண்ணை எடுக்க இன்னும் ஆள் வரவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கழி சாய்ந்தது. அப்புறம் அதன் பக்கத்துக் கழி. கொடிகள் சேற்றில் இழுபட்டுப் போயின.

மகளுக்குப் போன் செய்து, "மண் இறங்குது," என்று மட்டும் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நேரே கீழே போயிருக்கிறாள். தையற்காரர் வீட்டுச் சமையலறையில் கணுக்காலுக்கு மேல் சேறு. யாருக்கும் அடி இல்லை. தையல் மெஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்திருந்தார்களாம். இவளும் மண்வெட்டி பிடித்து வாரியிருக்கிறாள்.

மழை விட்டதும் மேலே வந்தாள், முழங்கால் வரை சேறோடு.

"கால் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "சொல்லு. 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுதே."

துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினேன். தட்டிவிடவில்லை. எதிர்பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

மண் போய்விட்டது. பாறை வெளியே வந்துவிட்டது, நிறம் கொஞ்சம் வெளுத்து. இயற்கைத் தரையில் கட்டினால் வீட்டுக் கூரையே என் வாசலுக்கு வெகு கீழேதான் வரும். என் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவே செங்குத்தாகப் படிகள். மாப்பிள்ளை மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்கிறார். அது மட்டும்தான் கேட்கிறார்.

மகள் ஒன்றும் நினைவுபடுத்தவில்லை. நானே கேட்டேன். "எப்ப பார்சல் கட்டட்டும்?"

மே 20, செவ்வாய்

கடைக் கட்டடம் நான்காம் முறை வந்தது. அளவு சரி. கையைத் தூக்கினேன். முகப்பு இன்னும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. அசிங்கத்துக்கு விதி கிடையாது. குழுவில் இதுதான் என் கடைசிக் கூட்டம் என்று சொன்னேன். தலைவர் கலங்கினார் என்று சொல்ல முடியாது. நிம்மதியாக மூச்சு விட்டார். கண்ணாடிக்காரி குட்டி மரம் ஒன்றைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். வண்டியில் ஏறிய பிறகு இறங்கிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்தேன். மகள் வண்டியைக் கிளப்பாமல் காத்திருந்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். குட்டி மரத்தை அதன் விளிம்பில் வைத்திருக்கிறேன்.

எதிர்மனையில் ஒரு வாரமாகத் தோண்டுகிறார்கள். கழி இல்லை, கொடி இல்லை. கீழே போய்க் காவலாளியைக் கேட்டேன்.

"என்னப்பா கட்டறாங்க?"

"பெருசா ஏதோ கட்டறாங்கம்மா."

"எவ்வளவு பெருசு?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, எக்கி நின்று இன்னும் தூக்கினார். வேலியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இன்று மாலை வார்டு அலுவலகத்தில் விசாரணை, பொதுமக்கள் கலந்துகொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைத்தடியை எடுத்தேன். மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"கூட்டத்துக்கு."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு கார் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றார்.

"முதல்ல மைக்கை இறக்கி வைக்கச் சொல்லுங்க அத்தை. அன்னைக்கு எக்கி எக்கிப் பேசினீங்க."

அவர் ஷூவை மட்டும்தான் நான் பார்த்தேன் அன்று.