கையெழுத்துப் போட ஓர் ஆள்

அன்பு அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை. பாப்பாவுக்கு இருமல் நின்றதா, அதை மட்டும் எழுது. நீ சொன்னபடி இதை வீட்டுக்கு அனுப்பாமல், நீ வேலை பார்க்கும் மருந்துக்கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நான் கார் வாங்கப்போகிறேன். சிரிக்காதே. ஊருக்கு வெளியே புதிதாக முளைத்திருக்கும் குடியிருப்புகளுக்குப் போய் ரத்தம் எடுத்துவர எங்கள் லேபில் ஆள் தேடுகிறார்கள். ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனால் ரத்தம் கெட்டுவிடும். கார் இருந்தால் அந்த வேலை எனக்கு, சம்பளமும் கூடும். அம்மாவிடம் சொன்ன காரணம் இது. இன்னொரு காரணம் உனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.

பேங்குக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க பேர்ல ஒண்ணுமே காட்டலையேம்மா" என்றார். நான் பெருமையாக, "யார்கிட்டயும் கடனே வாங்கினதில்ல சார்" என்றேன். "அதான் பிரச்சனையே. வாங்கியிருந்தா திருப்பிக் கட்டினீங்களா இல்லையான்னு தெரியும். இப்ப உங்களை எதை வெச்சு நம்புறது?" என்று கேட்டார். இத்தனை நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்ததற்குக் கிடைத்த மரியாதையைப் பார். வேண்டுமானால் குடும்பத்தில் சம்பாதிக்கிற ஆண்பிள்ளை யாராவது சேர்ந்து கையெழுத்துப் போடட்டும் என்றார். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை என்றேன். "அக்கா வீட்டுக்காரர்?" என்றார். என் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வந்த வேகத்தில் ஷோரூமுக்குப் போனேன். அங்கே ராஜ உபசாரம். முன்பணமே வேண்டாமாம், ஏழு வருடத் தவணையாம், "டீச்செலவு மாதிரி மேடம், கட்டுறதே தெரியாது" என்றான் அந்தப் பையன். கடன் குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்" என்றான். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் ஒன்றரைக் காரின் விலை வருகிறது. அந்த அரைக் கார் யாருக்கு என்று அம்மா கேட்டாள். அதற்கும் மேலே அதிர்ச்சி என்னவென்றால், நாளைக்கே வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் அந்த வட்டிக்குக்கூடத் தலையாட்டிவிடலாமா என்று எனக்குத் தோன்றியதுதான். நாளைக்கே என்றால் நாளைக்கே உன்னிடம் வந்துவிடலாம் அல்லவா?

இதற்கிடையில் அம்மா உளறிவைத்துவிட்டாள். அத்தான் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "வெளியாள் எதுக்கு? நான் போடறேன் கையெழுத்து. வண்டி என் பேர்ல இருக்கட்டும், வட்டி கம்மியாகும். ஒரு சாவி எங்கிட்ட இருந்தா உனக்கும் பாதுகாப்பு" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, மாப்பிள்ளைக்கு எவ்வளவு மனசு என்கிறாள்.

என்ன சொல்வது என்று நீயே எழுது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

உன் வாலு


அக்கா,

உன் பதில் எப்போதோ வந்தது, ஒரு வழி கிடைத்த பிறகு எழுதலாம் என்று இத்தனை மாதம் இருந்துவிட்டேன். "அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள், என்னால் உனக்குச் சண்டை வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். எழுத்து உன்னுடையதுதான். ஆனால் இதை எழுதும்போது யார் முகம் உன் கண்முன் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

போன வருடம் அம்மா உன்னைக் கூட்டிவர வாடகைக் காரில் வந்தாளே, நினைத்துப்பார். நீ உள்ளே துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் வாசலில் டிரைவரிடம் சிரித்துப் பேசி, வாடகையும் கொடுத்து, வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு அதட்டல் இல்லை. பஸ்ஸில் வரலாம் என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே அவர் டயர் கடை. கண்டக்டர்கள் எல்லாம் அவர் சிநேகிதர்கள். அம்மா தனியாகத்தான் பஸ் ஏறினாள். அவர் பேரில் இருக்கிற காரை எடுத்துக்கொண்டு உன் வாசலுக்கு நான் எப்படி வருவேன்?

அதனால் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "ரொம்ப பெரிய மனுஷி ஆயிட்டே" என்றார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் ணங்கென்று வைப்பாள். நான் விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள், தட்டை வைத்துவிட்டு நின்றவள், வாடகைக் கார் போன அன்று நீ ஜன்னலில் நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை என்றாள். அதோடு மாப்பிள்ளை புராணம் நின்றுபோனது.

லேப் கணக்கர்தான் வழி சொன்னார். ஊழியர்களுக்கு ஒரு சிக்கனச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று நான் திட்டிக்கொண்டிருந்தேனே, அதுதான். அங்கே கடனும் தருவார்களாம், வட்டி நியாயமாக இருக்கிறது. கட்டக் கட்டக் குறையவும் செய்கிறது. ஆனால் புது வண்டிக்கு மனக்கோட்டை கட்டாதே, நல்ல பழைய வண்டியாகப் பார், முன்பணம் சேர்த்துக்கொண்டு வா, ஜாமீனுக்கு இரண்டு உறுப்பினர்களையும் கூட்டி வா என்றார். அதாவது, பொறு என்றார். பொறுப்பது என்றால் நீ அங்கே இன்னும் சில மாதங்கள் என்று அர்த்தம். அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? முன்பணம் சேரும்வரை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனேன். தூக்கத்தில்கூட ஊசி குத்திக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறாள்.

ஒரு ஜாமீனுக்கு லேப் டிரைவர் அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாம் பையன் படிப்பு, பெண் கல்யாணம் என்று நழுவினார்கள். குறை சொல்ல முடியாது, யார்தான் மாட்டிக்கொள்வார்கள்? இரண்டு வாரம் நாயாக அலைந்தேன். ஷோரூம் பையன் வேறு தினமும் போன் செய்தான். ஒருநாள் மதியம் அவனிடம் சரி என்று சொல்லவே வாயெடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையிலிருந்து "போனை வை" என்று சத்தம் வந்தது.

யார் தெரியுமா? என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்பாளே, ரத்தத்தைப் பரிசோதிக்கும் அந்தக் கண்ணாடிக்காரி. குழாயில் பேர் சரியாக எழுதவில்லை, பெட்டியில் ஐஸ் குறைவு என்று என்னை அழவைத்தவள். எழுந்து வந்து, "எங்கே போடணும்?" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. "நான் கட்டாம விட்டா உங்க சம்பளத்தில பிடிப்பாங்க, தெரியுமா?" என்றேன். "மழையில நனைஞ்சு வந்தப்பகூட நீ கொண்டுவந்த ரத்தம் ஒண்ணு கெட்டதில்ல. ஒருநாள் லேட்டானதில்ல. தவணையை மட்டும் லேட்டாக்கிடுவியா? பேச்சை விட்டுட்டு பேனாவைக் குடு" என்றாள்.

பேங்க்காரரின் கம்ப்யூட்டரில் ஒன்றுமே காட்டவில்லை என்றேன் அல்லவா? இவளுக்குக் காட்டியிருக்கிறது அக்கா. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பணம் அடுத்த வாரம் கைக்கு வரும். அதுவரை அத்தானிடம் எதற்கும் எதிர்த்துப் பேசாதே.

உன் தங்கை


அக்கா,

வண்டி வந்துவிட்டது. வெள்ளை என்று சொல்லி விற்றார்கள், எனக்கென்னவோ பழுப்பாகத்தான் தெரிகிறது. இடதுபக்கக் கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். எஞ்சினை டிரைவர் அண்ணன் பார்த்துவிட்டு, இது உன்னைவிட நன்றாக ஓடும் என்றார். ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது. வேறு யார் பேரும் இல்லை. சாவி இரண்டு, இரண்டும் என்னிடம்.

புதிய வேலையிலும் சேர்ந்துவிட்டேன். தவணை போக மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், வருகிறது. அம்மா தன் கட்டிலை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணியிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வரும் வியாழன் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, மருந்துக்கடைக்கு. டிரைவர் அண்ணனும் கூட வருகிறார், நெடுஞ்சாலையில் நான் புதுசு என்பதற்காக. வண்டியை அணைக்காமல் நிற்பேன். புது வண்டியைத் தங்கை காட்ட வந்தால் அக்கா பார்க்க வரக்கூடாதா என்ன? அன்றைக்குப் பாப்பாவைப் பள்ளிக்கு அனுப்பாதே, கடைக்குக் கூட்டி வா. இருமல் என்று சொல்.

நகையைத் தேடாதே, துணி எடுத்து வைக்காதே, வீட்டைப் பூட்டினோமா என்று திரும்பிப் பார்க்காதே. வெறும் கையோடு வா அக்கா. குழந்தையின் கையை மட்டும் விடாதே.

காத்திருக்கும்
உன் தங்கை