திரும்பிப் பார்த்த குட்டி

கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில் குடியிருக்கும் என் வீட்டுக்காரருக்கு, கரையில் இருக்கும் உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

நான் சுகமாக இருக்கிறேன். மாமாவும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அது பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறார், வேளாவேளைக்கு என் சமையலைக் குறையும் சொல்கிறார். விஷயம் வேறு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது போன் கூடத்து மேசையில் ஸ்பீக்கரில் அலறுகிறது, பக்கத்திலேயே மாமா உட்கார்ந்திருக்கிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால், நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், நீங்கள் "ம்" என்று பதில் போடுவீர்கள். உங்களோடு வேலை செய்யும் வெல்டர் லீவு முடிந்து நாளை கிளம்புகிறாராம். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன வாரம் சிலிண்டர் போடுகிறவர் வந்தார். வழக்கமாகத் தெருவிலேயே நின்று "நாயைக் கட்டுங்கக்கா" என்று ஊரைக் கூட்டுகிற ஆள். அன்றைக்குப் பின்கதவு திறந்து கிடந்ததால், கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். நம் வெள்ளை நாய்ப் பட்டாளம் மரத்தடி மணலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுகூட எழவில்லை. அவற்றின் நடுவே நடந்து வந்து, அடுப்படி வாசலில் சிலிண்டரைத் தொப்பென்று இறக்கினார். என் கையில் இருந்த டம்ளர் விழுந்துவிட்டது. அப்போதும் எழவில்லை. திரும்பிப் போகும்போது அவருடைய நிழல் பெரியவன் முகத்தில் விழுந்திருக்கிறது. அது அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து, என்ன ஏது என்று பார்க்காமல் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

ஊசி போட்டாயிற்று, ஆள் நன்றாக இருக்கிறார். கட்டுப் போடும்போது அவர் சொன்னதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. "கடிச்சதுகூடப் பரவாயில்லக்கா. அவ்வளவு கத்தினேன், ஒண்ணு அசையல. எல்லாம் செத்துக் கிடக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் இருக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. கதவை அறைந்து சாத்திப் பார்த்தேன், திரும்பவில்லை. பாத்திரத்தை உருட்டினேன், திரும்பவில்லை. ஆனால் கொட்டகையின் பலகைத் தரையில் வெறுங்காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது. சாயங்காலம் சில நேரம் எல்லாம் சேர்ந்தாற்போல எழுந்து, பின்பக்கத்துத் தொட்டியைப் பார்த்தபடி நிற்கும். அங்கே ஒன்றும் இருக்காது. மோட்டார் ஓடும் அதிர்வு காலில் படுகிறது, அதைத்தான் பார்க்கின்றன என்று பிறகு எனக்கே புரிந்தது. புரிந்த பிறகும் பயம் போகவில்லை. தொட்டிக்குப் பின்னால் எதைப் புதைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். துணி துவைக்க அங்கே தனியாகப் போக இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. போனால், குட்டி முனகுவதுபோல் கேட்கிறது. எங்கே என்று தேடினால் இல்லை.

நாய் கடித்ததால் கால்நடை டாக்டரம்மா பார்க்க வந்தார். ஒவ்வொரு நாய்க்கும் பின்னால் போய் நின்று கை தட்டினார், விசில் அடித்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், எதற்குமே காது கேட்பதாகத் தெரியவில்லை என்றார். வெள்ளை நிறத்தோடு செவிடும் சில சமயம் சேர்ந்தே வருமாம். ஆனால் ஒரு வீட்டில் மொத்தமும் இப்படி இருப்பதை அவர் பார்த்ததே இல்லையாம். வெளியிலிருந்து கடைசியாக எப்போது இணை சேர்த்தீர்கள் என்று கேட்டார். இந்த ஜாதி நாய் வெளியில் எங்கே இருக்கிறது என்றேன். இதே ஜாதியை வளர்த்த மிலிட்டரிக்காரர் வீட்டில் இருந்த ஜோடியை, அவர் காலமானதும் பிள்ளைகள் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, சோபாவில் படுக்கிற பஞ்சு நாய் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். மற்ற வீடுகளிலும் அதே கதைதான். மிச்சம் இருப்பது நம்முடையது மட்டும்.

குட்டிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டுச் சோதனையைச் சொன்னார். குட்டி நடக்க ஆரம்பித்ததும் பால் கிண்ணத்தை வைத்துவிட்டு, பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடிப்பது. பயந்து திரும்புகிற குட்டி கோழை, அதை யாருக்காவது கொடுத்துவிடுவது. திரும்பாமல் குடிக்கிற குட்டிதான் வீரன், அதுதான் வம்சத்துக்கு. அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிறது என்றார்.

திரும்பாத குட்டிகள் வீரர்கள் இல்லை, செவிடுகள் என்று டாக்டரம்மா அவரிடமே சொல்லிவிட்டார். நான் மாமா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "பயப்படுற நாய்தாம்மா திரும்பும். இதுங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. அதைப் போய்ச் செவிடுங்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது குட்டிகளுக்கு வருகிறேன். வாத்தியாரம்மா ஈன்ற குட்டிகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. (அந்த நாய் இன்னும் என்னைப் பாடம் படிக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறது. உங்களைக் கட்டிக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த மாமியார் அதுதான்.) எல்லாம் பால் வெள்ளை, ஒன்றைத் தவிர. அதுவும் பிறந்தபோது வெள்ளையாகத்தான் இருந்தது. இப்போது அதன் இடது காதில் டீ சிந்தியதுபோல் ஒரு கறை வந்திருக்கிறது. நான் புள்ளி என்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டால் ஓடி வருகிறது. இந்த வீட்டில் நான் கூப்பிட்டு வருகிற முதல் ஜீவன். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா வந்துபோன மறுநாள் காலையில் மாமா தட்டும் கரண்டியுமாகக் கொட்டகைக்கு வந்தார். என்னையும் வரச் சொன்னார். பின்னால் நின்று அடித்தார். புள்ளி கீச்சென்று கத்திக்கொண்டு ஓடி வந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டது. வெள்ளைக் குட்டிகள் திரும்பவில்லை. மாமா வாயில் பழக்கதோஷத்தில் "கோழை" என்று வந்தது. இன்னொரு தடவை அடித்தார். குனிந்து, அந்தக் குட்டிகளின் தலைக்கு மேலேயே வைத்து அடித்தார். அவை நக்குவதைக்கூட நிறுத்தவில்லை. மாமா நிறுத்தவே இல்லை. தட்டு நெளிந்துவிட்டது. நான்தான் போய்க் கையைப் பிடித்தேன்.

அப்புறம் என்னைப் பார்க்காமலே, "அவளும் இப்படித்தாம்மா. திரும்பவே மாட்டா" என்றார்.

எவள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை. கூடத்தில் மாலை போட்ட படத்தில் இருக்கிற முகம்தான் தெரியும். பேச்சு வரத் தாமதமானது, உங்கள் குடும்பத்தில் எல்லாரும் தாமதமாகப் பேசியவர்கள் என்று யாரும் கவலைப்படவில்லை, இதெல்லாம் நீங்கள் சொன்னதுதான். தண்ணீர் லாரி பின்னால் வரும்போது டிரைவர் ஹாரன் அடித்தார், மாமா வாசலிலிருந்து கத்தினார், பிள்ளை நகரவில்லை, அவ்வளவு தைரியம் அவளுக்கு என்று நீங்களே என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள். நம் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அதைச் சொல்வார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் என்னிடம் வந்து, "அந்தக் கறைக்குட்டியை எப்பவும்போலச் செஞ்சிடலாம்மா. ஞாயித்துக்கிழமை அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்றார். எப்பவும்போல என்றால் என்ன என்று கல்யாணமான புதிதில் எனக்குத் தெரியாது. தொட்டியில் கல்லைக் கட்டிய சாக்கைப் பார்த்த அன்று தெரிந்துகொண்டேன். கறையுள்ள குட்டியை வைத்துக்கொண்டால் நாய் வளர்ப்போர் சங்கத்தில் நம் வீட்டுப் பெயரை அடித்துவிடுவார்கள் என்கிறார். அவர் பயம் சங்கத்தைப் பற்றியதல்ல. அந்தக் குட்டி ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பும்போது அவர் முகத்தை நான் பார்க்கிறேன். அது திரும்பத் திரும்ப, மற்றவை ஏன் திரும்பவில்லை என்று அவருக்குத் தெரிந்துகொண்டே போகிறது. அதை அவரால் தாங்க முடியவில்லை. ராத்திரி கூடத்தில் உலாத்துகிறார். அவர் நடக்க நடக்க, வாத்தியாரம்மா படுத்தபடியே கண்ணைத் திறந்து பார்க்கிறது.

புள்ளி வளர்ந்ததும், உடல்வாகு ஒத்த நல்ல நாட்டு நாயோடு சேர்த்தால் காது கேட்கிற வாரிசு வரலாம் என்று டாக்டரம்மா சொல்கிறார். நிச்சயம் என்று சொல்லவில்லை. நகரத்துக்குக் கொண்டுபோய் முறையாகப் பரிசோதிக்க வேண்டுமாம். நிறம் கொஞ்சம் கெடும், ஆனால் ஜாதி பிழைக்கும். வேறு வழி இல்லை. உங்கள் தாத்தாவும் அப்பாவும் கட்டிக் காத்தது ஒரு நிறத்தை மட்டும்தான் என்றால் போகட்டும். நாயைக் காத்தார்கள் என்றால் இந்தக் குட்டி இருந்தாக வேண்டும். நான் நாய்கள்மேல் ஆசைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தவள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் இதைச் சாக்கில் போட விடமாட்டேன். நீங்களும் மாமாவிடம் சரி என்று சொல்லிவிட்டால், குட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். மாமாவை இந்த நிலைமையில் தனியாக விட்டுப்போகவும் எனக்கு மனசில்லை. என்னை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்கும்போது, "அது இருக்கட்டும்ப்பா" என்று சொல்லுங்கள். அதோடு போனை வைத்துவிடாதீர்கள். நான் ஸ்பீக்கரை அணைத்து அவர் காதில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறேன். "அன்னைக்கு யாருக்கும் தெரியாதுப்பா, உங்க மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். குட்டிகளைத்தான் சொல்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அப்படி நினைக்காமல் அழுதாலும், அழுது முடிக்கும்வரை லைனிலேயே இருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் தலையை மூடிக்கொண்டு தூங்குங்கள். எல்லா உயிரும் நல்லபடி இருக்கட்டும்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி