அவளை இறக்கி வைக்க மாட்டேன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க, மெஷினுக்கு மேல் அலமாரியில் இருக்கிறாளே என் அம்மன், அவளிடம்தான் சொல்லி வைத்திருக்கிறேன், முகம் சுளிக்காதே. அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, மாத்திரையை மறந்துவிட்டு மாத்திரை சரியில்லை என்கிறார். உன் கடிதம் வந்தது. குழந்தையோடு நீ வர வேண்டுமானால் அந்தச் சிலை வீட்டில் இருக்கக் கூடாது, மெய்யான தெய்வம் ஒருவரே, மற்றதெல்லாம் மனிதன் கைவேலை என்று எழுதியிருக்கிறாய். கைவேலைதான், நான் எப்போது இல்லை என்றேன்? இந்த வீட்டில் கைவேலை இல்லாமல் எது வந்தது, உன் படிப்பு உட்பட? அவளை இறக்கி வைக்க மாட்டேன்.

உன் கர்த்தர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உலகத்துப் பாவத்தையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்கிறாய், பெரிய மனசுதான். என்னுடையவள் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, அவளுக்குக் கோபம் வரும், மறதி வரும், ஊசி முறிந்தால் "கண்ணை எங்கடி வச்சிருந்தே" என்று திட்டுவேன், வாங்கிக்கொள்வாள். போன தடவை நீ ஜெபம் செய்ததைக் கேட்டேன், "கர்த்தாவே, நீர் இரங்கும்" என்று என்னமோ மேலதிகாரிக்கு மனு கொடுக்கிற மாதிரி. தச்சு வேலை நடந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர், பெற்றவள் "நீர் சாப்பிட வாரும்" என்றா கூப்பிட்டிருப்பாள்? "வாடா" என்றுதான் கூப்பிட்டிருப்பாள், அவரும் ஓடி வந்திருப்பார். நேற்று உனக்காக அவரிடமும் பேசிப் பார்த்தேன், நீரும் உம்மும் என் வாயில் நுழையவில்லை, "என் பொண்ணைப் பாத்துக்கப்பா" என்றேன், இடி ஒன்றும் விழவில்லை.

எனக்குச் சுட்டது சிலை விஷயம்கூட இல்லையடி. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவள் இந்தக் கடிதத்தில் "நீங்கள் அதை அகற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். உன் சாமியை எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள், என்னை அங்கே ஏற்றிவிடாதே. நான் அடியே என்று கூப்பிட இந்த உலகத்தில் இரண்டே பேர், ஒருத்திக்காக இன்னொருத்தியைத் தெருவில் விட மாட்டேன். குட்டிக்குச் சட்டை தைத்திருக்கிறேன், கழுத்து மட்டும் அளவு தெரியாமல் நிற்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. உன் சாமியும் என் சாமியும் உங்கள் மூவரையும் நன்றாக வைக்கட்டும், ஈரத் தலையோடு தூங்காதே. பதில் போடு, நீ என்று எழுதிப் போடு.

இப்படிக்கு,
உன்னுடைய "நீ",
அம்மா