தோல் கேட்ட தங்கச்சி

வேப்பூர்
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி அன்பரசி எழுதறது. இங்க நானும் உங்க மாப்ளையும் இனியாக்குட்டியும் சௌக்கியம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கீங்க? என் நம்பரைத்தான் பிளாக் பண்ணிட்டியே, அதான் பஸ் கண்டக்டர் கோதண்டபாணி கையில லெட்டரு.

அம்மா கருமாதி முடியறதுக்குள்ள ஊறுகா ஜாடி காணாமப் போச்சுன்னு, கொளஞ்சியப்பர் கோயில்ல "எடுத்தவங்களை சாமியே கேக்கட்டும்"னு பிராது எழுதிக் கட்டிட்ட. ஜாடி வர்ற வரைக்கும் என்கூடப் பேச மாட்டேன்னுட்ட. பேர் போடலன்னாலும் யார் மேல கட்டுனேன்னு ஊருக்கே தெரியும். சரி, போ.

இப்ப ஒரு உதவி. உன் ஜூஸ் கடையில கொட்டுற சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோலு, பிழிஞ்ச எலுமிச்சை மூடி எல்லாம் வாரம் ஒரு பை பஸ்ஸுல போட்டு வுடு. எலுமிச்சை மூடி கொஞ்சம் கூடுதலாவே இருக்கட்டும்.

உன் தங்கச்சி,
அன்பரசி

விருத்தாசலம்
8.2.2025

அன்பரசிக்கு,

பேச மாட்டேன்னுதான் சொன்னேன். எழுத மாட்டேன்னு சொல்லல.

பை அனுப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு மாடே மோந்து பாத்துட்டுப் போவுற தோலு அது. அத வச்சி என்னாதான் பண்ற? உங்கண்ணி கேட்டு உயிர எடுக்கறா. விவரமா எழுது.

ராஜாங்கம்

வேப்பூர்
13.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி கேக்கறாங்களா, நீ கேக்கறியா? உன்னத் தெரியாதா எனக்கு!

ஆரஞ்சுத் தோலைப் பொடியா நறுக்கி, புளி, வெல்லம், மொளகாத்தூளு போட்டு சுண்ட வச்சா தொக்கு. காய வச்ச தோல அரிசி டப்பாவுல போட்டா வண்டு அண்டாது. பொடி பண்ணி பயத்தமாவோட கலந்தா குளிக்கறதுக்கு ஆச்சி. சாத்துக்குடித் தோலு, வெல்லம், தண்ணி பாட்டில்ல ஊற வச்சா மூணு மாசத்துல தரை துடைக்கிற தண்ணி. தினம் மூடியத் தொறந்து காத்த வெளிய வுடணும், மறந்துறாத. எலுமிச்சை மூடில உப்பு தொட்டுத் தேய்ச்சா கறை போவும்.

அன்பரசி

விருத்தாசலம்
24.2.2025

அன்பரசிக்கு,

தரை துடைக்கிற தண்ணிக்கு நானும் ஒரு பாட்டில் ஊற வச்சேன். மூடியத் தொறந்தா வாசனை போயிருமேன்னு நான் இன்னும் இறுக்கிட்டேன். அஞ்சாம் நாளு பாட்டில் டமார்! ஜூஸ் குடிக்க வந்த பீங்கான் பட்டறை மேஸ்திரி சட்டையெல்லாம் தோலு. அந்தாளு திட்டுனது இன்னும் காதுல கேக்குது. வாஷ்பேசின் மஞ்சக்கறை மட்டும் நீ சொன்னமாரியே போயிருச்சி. தொக்கு, உங்கண்ணி ரெண்டு தடவ பண்ணிட்டா.

ஒண்ணுதான் புரியல. கறை தேய்க்க நாலு மூடி போதும். நீ வாரம் ஒரு பை வாங்கற, அதுலயும் எலுமிச்சைதான் கூட வேணும்ங்கற. அத என்னா பண்ற?

ராஜாங்கம்

வேப்பூர்
1.3.2025

அண்ணே,

கேட்டுட்ட. பொய் எழுத கை வரல. ஜாடி என்கிட்டதான் இருக்குது.

கருமாதிக்கு மொத நாளு வூட்டுல எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவுத்தாங்க. சாவு வூட்டு ஊறுகான்னு ஜாடியையும் கொட்டத் தூக்குனாங்க. அம்மா எலுமிச்சை மூடிய என்னிக்காவது தூக்கிப் போட்டிருக்குதா? உப்புல போட்டு வெயில்ல வைக்கும். அது கை பட்ட உப்புத்தண்ணி அரை ஜாடி இருந்துச்சி. மனசு கேக்கல, முந்தானையில மூடி எடுத்தாந்துட்டேன்.

சாப்பிட சாப்பிடக் குறையுதுண்ணே. பழைய தண்ணியில புது மூடியப் போட்டா அம்மா ருசி அப்படியே எறங்குது. அதுக்குத்தான் கேட்டேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.

ஜாடி வேணும்னா தந்துடறேன். ஆனா கழுவித் தர மாட்டேன்.

அன்பரசி

விருத்தாசலம்
4.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

லெட்டரப் படிச்சிட்டு கடையச் சாத்திட்டேன். நேத்து கோயிலுக்குப் போயி, பிராத திருப்பி வாங்க ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். எழுதறப்ப அழுதுட்டேன் புள்ள. பக்கத்துல நின்ன யாரோ ஒரு பெரியம்மா என்னா பெரிய நஷ்டமோன்னு கேட்டாங்க.

என் கையில கெடச்சிருந்தா நானும் கழுவித்தான் வச்சிருப்பேன்.

ஞாயித்துக்கிழம ரெண்டு பை எலுமிச்சை மூடியோட நானே வரேன். கறி கிறி எடுத்து வைக்காத. தயிர்சோறு போதும்.

உன் அண்ணன்,
ராஜாங்கம்