சூரை மீனிலிருந்து நீ எடுத்தது

ஃப்ரீசரைத் திறந்ததும் குளிர்ப்புகை முகத்தில் அடித்தது. அடித்தட்டில் ஒரு சின்ன ட்யூப், மூடியில் உன் கையெழுத்து. பட்டினப்பாக்கத்தில் உன் அம்மா விற்கிற சூரை மீனின் சதையிலிருந்து நீ பிரித்தெடுத்த என்சைம். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

மீன் வரும் நாளில் நம் தரமணி லேப் முழுக்க நாறும். யாராவது மூக்கைப் பொத்தினால் விடமாட்டாய். "இன்னாபா, துன்னும்போது மட்டும் வாசனையா கீதா?" கை விறைக்க ஐஸில் வைத்து அரைத்துக்கொண்டே என்னிடம் சொல்வாய்: "மீனும் என்சைமும் ஒண்ணுதான் மாமா. ஐஸ் உட்டா பூடும்."

நீ இறந்த பிறகு உன் வேலையை லேப் மாணவி ரேவதி எடுத்துக்கொண்டாள். போன வாரம் தயங்கித் தயங்கி வந்தாள். "அண்ணா, அக்காவோட பேப்பர்ல ஒரே ஒரு ரீடிங்தான் பாக்கி. அதுக்கு அந்த ட்யூப் வேணும். ஒரு தடவ உருகிட்டா திரும்ப வெக்க முடியாது... வேணாம்னா உட்டுடலாம்ணா."

வேண்டாம் என்றேன். வீட்டில் உன் புடவைகளில்கூட இப்போது உன் வாசனை இல்லை. நீ வைத்தது வைத்தபடி இருப்பது இது மட்டும்தான்.

ஆனால் முன்பொரு முறை, ஒரு ரீஏஜென்ட் பாட்டிலைத் திறக்காமலே நான் காலாவதியாக விட்டதற்கு நீ கேட்டாயே: "பூஜை பண்ணவா வாங்கி வெச்ச?"

இன்று அந்த ட்யூபை எடுத்து, பாக்கி ரீடிங்கை நானே செய்தேன். இந்த என்சைம் வேலை செய்யச் செய்யக் குறைந்துகொண்டே வரும் பொருள் என்.ஏ.டி.எச். அதைப் புதிதாகக் கரைத்து, வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி வைத்தேன். குவெட் என்கிற சின்னச் சதுரக் குப்பியில் என்சைம் மாற்றப்போகும் பைருவேட், அப்புறம் என்.ஏ.டி.எச்., கடைசியாக உன்னுடைய துளி. அந்தத் துளி விழும்போது நீ கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமலிருக்கச் செய்வாய். இன்று பக்கத்தில் ரேவதி மட்டும்தான் நின்றாள்.

ஸ்கிரீனில் என்.ஏ.டி.எச். அளவைக் காட்டும் கோடு இறங்கியது. நேராக, தடங்கலில்லாமல்.

"அண்ணா, உயிரோட கீதுண்ணா!" என்றாள் ரேவதி. எனக்கு அழக்கூட வரவில்லை. அதை உருகவிட்டது சரிதான். ஆனால் இனி அந்த ஃப்ரீசரைத் திறக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

சற்று நேரத்தில் கோடு தட்டையானது. என்.ஏ.டி.எச். தீர்ந்துவிட்டது. என்சைம் தீரவில்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அப்படியே இருந்தது. ரீடிங்கைக் குறித்துக்கொண்ட ரேவதி, "கழுவிடட்டாண்ணா?" என்று கேட்டாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் போனதும் இன்னொரு துளி என்.ஏ.டி.எச். விட்டேன். கோடு ஏறி, மறுபடி இறங்கியது. அந்த ரீடிங் யாருக்கும் தேவையில்லை. மறுபடி தட்டையானதும், மறுபடி விட்டேன்.